என் இணையதளத்தை நான் பார்த்ததே இல்லை

"நீங்கள் தொழிலை நிறுத்திவிட்டீர்களா, சார்?" என்று பல ஆண்டுகளாக எங்களிடம் கருவிகளைக் கொடுத்துவரும் ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்டபோது, நான் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிரஷர் கேஜ், எடைத் தராசு, வெப்பமானி போன்றவற்றைச் சரிபார்த்து, ஒவ்வொன்றிலும் பிழை எவ்வளவு என்று எழுதிச் சான்றிதழ் தரும் சிறிய காலிபரேஷன் கூடம் எங்களுடையது. ஆறு பேர் வேலை செய்கிறோம். அன்று மேசையில் காத்துக்கிடந்த கருவிகளே இருபதுக்கு மேல் இருந்தன. எங்கள் தளத்தின் தொடர்புப் படிவத்தில் இரண்டு முறை எழுதியதாகவும், பதிலே வராததால் அப்படி நினைத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். நான் வருத்தம் தெரிவித்து, கருவிகளை அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொண்டு, பேச்சு முடிந்ததும் அந்தப் படிவத்தைத் திறந்து நானே ஒரு வரி எழுதி அனுப்பிப் பார்த்தேன். அரை நிமிடத்தில் என் அஞ்சல் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. அவர்தான் எங்கோ தவறாக அழுத்தியிருப்பார் என்று முடிவுகட்டி, அதை அத்துடன் விட்டுவிட்டேன். அவர் என்ன எழுதியிருந்தார் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சோதனையே தவறானது என்பது நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. படிவத்தில் ஒருவர் தம் அஞ்சல் முகவரியைத் தந்தால், அவரே அனுப்பியதுபோல் அவருடைய முகவரியை அனுப்புநர் இடத்தில் போட்டு எங்கள் சர்வர் எனக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தது. வேறொரு நிறுவனத்தின் முகவரியைத் தாங்கி எங்கள் சர்வரிலிருந்து கிளம்பும் கடிதம், அதைப் பெறும் அஞ்சல் சேவையின் கண்ணுக்குப் போலிக் கடிதமாகவே தெரியும். எந்த டொமைன் பெயரில், அதாவது அஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரில், எந்த சர்வர் கடிதம் அனுப்பலாம் என்ற பட்டியல், எஸ்பிஎஃப் என்ற பெயரில் அந்தந்த டொமைனின் பதிவிலேயே இருக்கிறது. தன் பெயரில் வரும் இத்தகைய கடிதங்களை ஏற்க வேண்டாம் என்று யாஹூ 2014 ஏப்ரலிலேயே உலகத்துக்கு அறிவித்துவிட்டது. ஆகவே, வெளியார் எழுதியவற்றுள் சில வாசலிலேயே திருப்பப்பட்டன, மற்றவை ஸ்பேமுக்குள் விழுந்தன. நான் சோதித்தபோதோ எங்கள் டொமைனின் முகவரியைக் கொடுத்தேன். எங்கள் பெயரில் அனுப்ப எங்கள் சர்வருக்கு அனுமதி உண்டு. கடிதம் தடையின்றி வந்தது. உலகத்தில் அந்தப் படிவம் ஒழுங்காக வேலை செய்தது எங்கள் அலுவலகத்தார் ஆறு பேருக்கு மட்டும்தான். அனுப்புநராக எங்கள் முகவரியை வைத்து, எழுதியவரின் முகவரியைப் பதில் செல்ல வேண்டிய இடத்தில் போட்டால் தீர்ந்துவிடும் சங்கதி இது. சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மேசைமேல் இரண்டு திரைகள்

எனக்கு இதை எல்லாம் காட்டிக்கொடுத்தது படிவம் அல்ல. ஒரு தொழிற்சாலையிலிருந்து கருவிகளைக் கொண்டுவந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர், ரசீதுக்காகக் காத்திருக்கும்போது சற்றுத் தயங்கிவிட்டு, "சார், உங்கள் பெயரைக் கூகுளில் தேடினால் ஏதோ ஜப்பானிய எழுத்தாக வருகிறதே, அது உங்கள் தளம்தானா?" என்று கேட்டார். நான் என் கணினியில் முகவரியை அடித்துத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். வழக்கமான நீலநிற முகப்பு, எங்கள் கூடத்தின் படம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் தம் கைபேசியில் எங்கள் பெயரைத் தேடி, வந்த முதல் முடிவைத் தொட்டு, அதை என் திரைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். எங்கள் பெயரின் கீழ் ஜப்பானிய வரிகள் ஓடின. தொட்டதும் கைப்பை விற்கும் ஏதோ ஒரு கடைக்குப் போயிற்று. ஒரே முகவரி, ஒரே நேரம், ஒரு முழ இடைவெளியில் இரண்டு வேறு தளங்கள். கருவிகளை அருகருகே வைத்து ஒன்றின் பிழையை மற்றொன்றைக் கொண்டு கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. ஆனாலும் அந்தக் கணத்தில் நான் முதலில் சந்தேகப்பட்டது அவருடைய கைபேசியைத்தான்.

இந்தத் தாக்குதல் புதிதல்ல என்று அன்றிரவு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜப்பானியச் சொல் தாக்குதல் என்றே இதற்குப் பெயர் வைத்து, இதிலிருந்து மீள்வதற்கான வழிகாட்டியைக் கூகுள் வெளியிட்டிருக்கிறது. இதில் என்னை உலுக்கியது அதன் தொழில்நுட்பத்தைவிட, அது எடுத்துக்கொள்ளும் அக்கறைதான். உள்ளே புகுந்த நிரல், வருகிறவர் யார் என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறது. கூகுளின் தேடுபொறி நிரல் வந்தால் ஆயிரக்கணக்கான போலிப் பக்கங்களை விரித்துக் காட்டுகிறது. தேடல் முடிவு வழியாக வரும் மனிதரைக் கடைக்கு அனுப்புகிறது. முகவரியை நேரே அடித்து வருகிறவருக்கோ, நிர்வாகியாக உள்நுழைந்த அடையாளம் உலாவியில் இருப்பவருக்கோ பழைய தளத்தை அப்படியே காட்டிவிடுகிறது. அதாவது, அந்த நிரலை எழுதியவர் உலகத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் எல்லோரையும் மறு பக்கத்தில் என்னை மட்டும் வைத்திருந்தார். தளத்தின் உரிமையாளன் தன் தளத்துக்கு எப்படி வருவான் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

அதற்கு மேலும் ஒன்று இருந்தது. தளத்தின் நலத்தைக் கூகுளே தெரிவிக்கும் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவையில் நான் அதுவரை பதிவு செய்திருக்கவில்லை. அன்றிரவு பதிவு செய்து, உரிமையாளர்கள் பட்டியலைத் திறந்தபோது, எனக்கு முன்பே அங்கே ஒருவர் இருந்தார். தளத்தின் கோப்புறையில் கூகுள் கேட்கும் சரிபார்ப்புக் கோப்பை வைக்க முடிந்தவர் எவரோ அவரே உரிமையாளர் என்பது அங்குள்ள விதி. புகுந்தவர் அதை வைத்து, முறைப்படி உரிமையாளராகி, தம் போலிப் பக்கங்களை விரைவில் பட்டியலிடும்படி கேட்டும் இருந்தார். புதிய உரிமையாளர் சேர்ந்தால் பழைய உரிமையாளருக்கு அறிவிப்பு வரும். பழைய உரிமையாளர் என்று ஒருவர் இருந்திருந்தால் வந்திருக்கும்.

முள் காட்டும் எண்

எப்படி நுழைந்தார்கள் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை, என் தொழிலின் முதல் பாடத்தையே எனக்கு நினைவூட்டியது. எங்களிடம் வரும் கருவிகளில் முள் அசையாமல் நின்றுபோனவற்றை யாரும் நம்புவதில்லை; அவற்றால் கேடும் குறைவு. பத்து விழுக்காடு குறைத்துக் காட்டிக்கொண்டே நன்றாக அசையும் பிரஷர் கேஜ்தான் கொதிகலனை வெடிக்க வைக்கும். எங்கள் தளம், இணையதளங்களை அமைத்து நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குவது. நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் எல்லாம் புதுப்பிக்கப்பட்டிருப்பதாகவே அது சொல்லும், நானும் நம்பினேன். ஆனால் முகப்பில் படங்கள் நகர்வதற்கான பிளக்இன் (வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) ஒன்று, நாங்கள் வாங்கிய வடிவமைப்புத் தொகுப்புக்குள்ளேயே சேர்ந்து வந்திருந்தது. அதன் உரிமம் தளத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் இருந்ததால், அதற்கு வந்த புதுப்பிப்புகள் பற்றிய அறிவிப்பு எங்கள் பக்கத்துக்கு வரவே இல்லை. 2014 டிசம்பரில் இதே மாதிரி தொகுப்போடு ஒட்டிவந்த ஒரு படநகர்வு பிளக்இன் வழியாகப் பெருந்தாக்குதல் நடந்து, 11,000-க்கும் மேற்பட்ட டொமைன்களைக் கூகுள் தடைப்பட்டியலில் சேர்த்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் பல மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. தங்களிடம் அந்த பிளக்இன் இருப்பதே பலருக்குத் தெரியாது. இவ்வளவு ஆண்டுகள் கழித்து நானும் அந்த வரிசையில் போய் நின்றேன்.

எங்களைப் போன்ற சிறிய இடத்தை யார் தாக்கப் போகிறார்கள் என்று நானும் பேசியவன்தான். தாக்குவதற்கு யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓட்டை இருக்கும் தளங்களை இயந்திரங்கள் வரிசையாகத் தட்டிப் பார்க்கின்றன, திறந்தால் நுழைகின்றன, அவ்வளவுதான். 2014 அக்டோபர் 15 அன்று தளங்களை அமைக்கும் துருபால் என்ற மென்பொருளில் ஒரு கடும் ஓட்டை அறிவிக்கப்பட்டபோது, அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் பொருத்தாத தளங்கள் யாவும் கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே கருத வேண்டும் என்று அதை உருவாக்கும் குழுவே பின்னர் எச்சரித்தது. 2017 ஜனவரி 26 அன்று வேர்ட்பிரஸ் 4.7.2 வெளிவந்தபோது, அது அடைத்த ஓட்டையைப் பற்றி வாய் திறக்காமல் ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருந்து, தானியங்கிப் புதுப்பிப்பு பெரும்பாலான தளங்களைச் சென்றடைந்த பிறகே விவரத்தைச் சொன்னார்கள். புதுப்பிப்பை நிறுத்திவைத்திருந்தவர்களின் பக்கங்கள் அதன் பின்னர் பெருமளவில் சிதைக்கப்பட்டன.

நானும் நிறுத்திவைத்திருந்தவன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பு முதலே சிறு திருத்தங்கள் தாமாகவே பொருந்திக்கொள்ளும் வசதி வேர்ட்பிரஸில் உண்டு. ஒருமுறை ஒரு பிளக்இன் புதுப்பிப்பினால் முகப்பு முழுவதும் வெள்ளையாகிப்போன பயத்தில், அந்த வசதியையும் சேர்த்து அணைத்துவிட்டேன். அந்தப் பயம் முட்டாள்தனமானது என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். புதுப்பிப்புகள் தளத்தை உடைப்பது உண்மை. ஆனால் வெள்ளையாகிப்போன முகப்பை அன்று மதியமே மூன்று பேர் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள், மாலைக்குள் சரியாயிற்று. புதுப்பிக்கப்படாமல் கிடந்ததால் வந்த கேட்டையோ பல மாதம் யாரும் சொல்லவில்லை. உடைந்தது தெரிந்துவிடுகிறது, புகுந்தது தெரிவதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், என் கண்ணுக்குத் தெரியும் கோளாறையே இனித் தேர்ந்தெடுப்பது என்று முடிவுசெய்து, எல்லாவற்றுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பைத் திறந்துவிட்டேன். தானாகப் புதுப்பிக்க முடியாத பிளக்இன் எதுவும் எங்கள் தளத்தில் இருக்கக் கூடாது என்றும் வைத்துக்கொண்டேன். படங்கள் நகர்வதை நிறுத்தியதில் யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை.

சுத்தம் செய்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எங்கள் தளத்துக்கு சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் 30 நாள் பேக்கப் வைத்திருந்தது. புகுந்தவர் அதற்கும் பல மாதம் முந்தியவர். ஆகவே 30 நகல்களிலும் அவர் பத்திரமாக இருந்தார். கடவுச்சொல்லை மாற்றினேன், நான் உருவாக்காத நிர்வாகி ஒருவர் பயனர் பட்டியலில் இருந்தார், அவரை நீக்கினேன், மறுநாள் அவர் மீண்டும் வந்தார். படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய கோப்புறையில் ஒரு பிஎச்பி கோப்பு, அதாவது சர்வரில் இயங்கும் நிரல், படத்தின் பெயரைத் தாங்கி ஒளிந்திருந்தது. கடைசியில், ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும் முயற்சியைக் கைவிட்டு, வேர்ட்பிரஸையும் பிளக்இன்களையும் அவற்றின் மூலத்திலிருந்து புதிதாக இறக்கி, எழுத்தையும் படங்களையும் மட்டும் சோதித்துக் கொண்டுவந்து சேர்த்து, ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் அனைவரையும் வெளியேற்றும் ரகசியச் சாவிகளையும் மாற்றிய பின்புதான் அமைதி திரும்பியது. தேடல் முடிவுகளிலிருந்து ஜப்பானிய வரிகள் மறைய மேலும் பல வாரங்கள் ஆயின.

அந்நியனின் கைபேசி

அந்த வாரங்களில் ஒரு நாள், அலுவலகத்தில் ஒருவருடைய கைபேசியை வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, எங்களை அறியாத ஒருவர் எப்படித் தேடுவாரோ அப்படித் தேடி எங்கள் தளத்துக்குள் போனேன். தாக்குதலைத் தேடித்தான் போனேன். கண்டது வேறு. முகப்புப் படம் திறக்கும்வரை நான் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றிய 6 மெகாபைட் படம் அது. ஒரு பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்தால்தான் நல்ல வேகம் என்கிறது கூகுளின் அளவுகோல். எனக்கு நொடிகளை எண்ணவே பொறுமை இல்லாமல் போயிற்று. என் கணினியில் அது ஏன் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது என்றால், ஒருமுறை இறங்கிய படத்தை உலாவி சேமித்துவைத்திருந்தது. ஆண்டுக்கணக்கில் நான் பார்த்தது தளத்தை அல்ல, என் கணினிக்குள் கிடந்த அதன் நிழலை.

படம் வந்த பிறகு படிக்கத் தொடங்கினேன். முதல் வரியே, பெருந்தொற்றுக் காலத்தின் முழு அடைப்பில், 2020-இல், நான் கைப்பட இட்ட அறிவிப்பு: மறு அறிவிப்பு வரும்வரை நேரில் வர வேண்டாம். மறு அறிவிப்பை நான் எழுதவே இல்லை. அதன் கீழே இருந்த இரண்டு தொலைபேசி எண்களில் ஒன்று, வேலையை விட்டுப் போன ஒருவருடையது. இப்போது எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் தொழிற்சாலைக்கே சென்று சரிபார்க்கும் வேலையிலிருந்து வருகிறது. அதைப் பற்றிய ஒரே குறிப்பு ஒரு படத்துக்குள் பொறித்த எழுத்தாக இருந்தது. படத்துக்குள் இருப்பதை நம்பித் தேடுபொறி நம்மைப் பட்டியலிடாது, பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கும் அது எட்டாது. நாங்கள் நிறுத்திவிட்ட ஒரு சேவைக்கோ தனிப்பக்கமே இருந்தது. தளம் முழுவதிலும் தவறாமல் இற்றைப்பட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. அடிக்குறிப்பில் காப்புரிமைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டு. அது நிரலால் தானாக மாறுகிற எண்.

இதையெல்லாம் யாரோ வேண்டுமென்று மறைத்துவைக்கவில்லை. ஆனாலும் ஜப்பானிய வரிகள் என் கண்ணில் படாமல் இருந்ததற்கும் இந்த அறிவிப்பு என் கண்ணில் படாமல் இருந்ததற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. முன்னதற்குப் புகுந்தவரின் திறமை தேவைப்பட்டது. பின்னதற்கு என் பழக்கமே போதுமானதாக இருந்தது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தளத்தை முற்றிலும் புதிதாக அமைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எங்கும் கேட்கும் அறிவுரை. நாங்கள் இரண்டு முறை அப்படிச் செய்தவர்கள்தாம். புதிய வடிவம் வந்த உற்சாகத்தில் உள்ளே இருந்த வாசகங்களை அப்படியே எடுத்து ஒட்டினோம். பக்கங்களின் முகவரிகளை மட்டும் மாற்றிவிட்டோம். இருக்க வேண்டியது மாறியது, மாற வேண்டியது இருந்தது. பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்கு நிலையாக அனுப்பிவைக்கும் 301 என்ற ஏற்பாடு ஒன்று உண்டு, ஒரு முகவரிக்கு ஒரு வரி எழுதினால் போதும் என்பதெல்லாம் அப்போது யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது மாதத்தின் முதல் வேலை நாளில், இரவல் கைபேசியோடு ஒரு மணி நேரம் உட்காருகிறேன். தேடி உள்ளே போகிறேன். எங்கள் டொமைனுக்குத் தொடர்பில்லாத ஒரு முகவரியிலிருந்து படிவத்தில் எழுதுகிறேன். முகப்பிலிருந்து கடைசிப் பக்கம்வரை உரக்கப் படிக்கிறேன், ஏனெனில் மனத்துக்குள் படித்தால் கண் தாவிவிடுகிறது. பிறகு தேடல் பெட்டியில் சைட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின் முக்காற்புள்ளியிட்டு, இடைவெளி விடாமல் எங்கள் டொமைன் பெயரை எழுதினால், எங்கள் பெயரில் கூகுள் அறிந்த பக்கங்கள் வரிசையாக வரும். நான் எழுதாத பக்கம் ஒன்று அங்கே தென்பட்டால் அதுவே எச்சரிக்கை. பயனர் பட்டியலைப் பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சர்வருக்கு வெளியே நானே எடுத்துவைக்கும் பேக்கப்பை ஒரு தனிக் கோப்புறையில் விரித்து, தளம் உண்மையிலேயே எழுந்து நிற்கிறதா என்று பார்க்கிறேன். டொமைன், தளத்தை அமைத்தவரின் பெயரில் பதிவாகி, காலாவதி அறிவிப்புகள் என்றோ கைவிடப்பட்ட ஓர் அஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்ததையும் அப்படி ஒரு நாளில்தான் கண்டுபிடித்தேன். அதை என் பெயருக்கு மாற்ற மூன்று வாரம் அலைந்தேன்.

சான்றிதழ் விஷயம் தனியே சொல்லத்தக்கது. தளத்துக்கும் உலாவிக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, ஆனால் 90 நாளுக்குத்தான். சர்வர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்றாலும், அந்தப் புதுப்பித்தல் நின்றுபோனால் முன்பெல்லாம் அவர்களிடமிருந்து ஓர் எச்சரிக்கை அஞ்சல் வரும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். பொதுவாகவே இத்தகைய சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச்சில் 200 நாளாகவும், 2027 மார்ச்சில் 100 நாளாகவும், 2029 மார்ச்சில் 47 நாளாகவும் குறைக்கப்படுவதாக முடிவாகியிருக்கிறது. காலாவதியாகும் சான்றிதழ்களைக் கொடுத்துப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு இந்த ஏற்பாடு பிடித்தே இருக்கிறது. ஆனால் கையால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு இனி அது நடக்கிற காரியமல்ல. தானியங்கியாக வைத்து, அந்தத் தானியங்கி வேலை செய்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க ஒரு கண்காணிப்பையும் வைத்தாக வேண்டும்.

படிவத்தைச் சரிசெய்த அன்று ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். 30 நாளுக்கு மேற்பட்டவை தாமாகவே அழிந்துவிடும் என்பதால், பதினொரு கடிதங்கள்தான் மிஞ்சியிருந்தன. அதற்கு முந்தைய மாதங்களில் யார் யார் எழுதினார்கள் என்பதற்குச் சுவடே இல்லை. பதினொரு பேருக்கும் எழுதினேன், நான்கு பேர் பதில் போட்டார்கள். தொழிலை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டவரின் இரண்டு கடிதங்களும் அவற்றுள் இல்லை. அவரை அழைத்து, தாமதமாகக் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளும்படி சொல்லி, அன்று என்ன எழுதியிருந்தார் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "பெரிதாக ஒன்றும் இல்லை, சார். நீங்கள் தரும் சான்றிதழின் அடியில், உண்மையானதா என்று சரிபார்க்க ஒரு முகவரி அச்சிட்டிருக்கிறீர்களே, அதைத் திறந்தால் பக்கமே இல்லை என்று வருகிறது. அதைச் சொல்லத்தான் இரண்டு முறை எழுதினேன்."